தலையில் முத்து வைத்த வாள்

வெள்ளம் வடிந்து, வீட்டுக்குள் புகுந்த சேறு சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த ஜனவரி மாதம். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, என் பெரியப்பா மகன் ஒரு வாளைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் என் வீட்டுப் படியேறினார். இதற்கு முன் அவர் வந்தது என் அப்பாவின் அடக்கத்தன்று. அன்றும் உள்ளே வரவில்லை. தெருவில் நின்று நாலு பேரிடம் பேசிவிட்டு நேராகக் கல்லறைக்குப் போய்விட்டார்.

அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

"ஏலே, உன் பெரியப்பன் மவன் வந்திருக்கான். தண்ணி குடு," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "காப்பி வேண்டாம்," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். காப்பி கொடுக்கவில்லை.

அவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் வேலையும் என் பழக்கமும். துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெட்டி எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எந்த நாட்டுச் சரக்கு, எந்த ஆண்டு செய்தது என்று பார்த்தே ஆயுள் போனது. வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். கோவில் மணி எப்போது வந்தது, பழைய பாலம் எப்போது இடிந்தது என்று ஊரில் யாருக்குள்ளாவது வாக்குவாதம் வந்தால் என்னிடம் வருவார்கள். புத்தகங்களைப் பார்த்துச் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். ஒருவன் ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

வேட்டியைப் பிரித்தார். இத்தனை காலம் கழித்து அந்த வாளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற கடற்கரை ஊர். சந்தியாகப்பர் என்ற புனிதரின் கோவில். ஜூலை இருபத்தைந்து திருவிழா. சப்பரத்துக்கு முன்னால் எங்கள் குடும்பத்து ஆண் ஒருவர் இந்த வாளை நிமிர்த்திப் பிடித்து நடக்க வேண்டும். 1530களில் எங்கள் ஆட்கள் ஞானஸ்நானம் பெற்ற காலத்தில் ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவன் எங்கள் முன்னோர் ஒருவருக்கு இதைக் கொடுத்தான் என்பது கதை. கைப்பிடி எங்கள் கடலின் முத்துச்சிப்பியால் ஆனது. கைப்பிடியின் தலைக் குமிழில் எங்கள் முன்னோரே மூழ்கி எடுத்த முத்து ஒன்று பதித்திருந்ததாம். தலையில் முத்து வைத்த வாள் என்றுதான் சொல்வார்கள்.

பெரியப்பாவும் அப்பாவும் இரண்டே சகோதரர்கள். ஒரு வருடம் பெரியப்பா வீட்டில், ஒரு வருடம் எங்கள் வீட்டில் என்று வாள் மாறி மாறி இருக்கும். யார் வீட்டில் இருக்கிறதோ அவர் சுமப்பார். பெரியப்பாவுக்குத் தோணி இருந்தது, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு போகும். கரையில் தோணி பழுது பார்க்கும் கொட்டகையும் அவருடையது. அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் தொழிலாளி. வருடம் விட்டு வருடம் ஒரு நாள், அண்ணனுக்குச் சமமாக அப்பா ஊர் நடுவில் நடப்பார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

நான் பள்ளி இறுதி படித்த வருடம். எங்கள் முறை முடிந்து வாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள். கோவில் முகப்பில், சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியப்பா வாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். குமிழைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு சின்னக் குழி, உள்ளே கறுப்பாக ஏதோ. கோணி ஊசி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அந்தக் கறுப்பைக் கொஞ்சம் கீறி எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "முத்து ஒட்டியிருந்த பிசின் இது. முத்து எங்க?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதற்குமுன் அந்தக் குமிழில் முத்து இருந்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கதையில் முத்து இருந்தது, குழியில் இல்லை, வாள் எங்கள் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. அவ்வளவு போதுமாக இருந்தது.

அப்பா பீடத்தில் வலது கையை வைத்துச் சத்தியம் செய்தார். அன்று மாலை சப்பரம் கிளம்பியபோது நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். அதோடு எங்கள் முறை போயிற்று. அக்காவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் மறுமாதம் நின்றது. அடுத்த மழைக்காலத்தில் துறைமுகத்தில் உப்பு மூட்டைகள் ஏற்றும்போது சங்கிலி நழுவி, அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கின. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பெரியப்பா கடைத்தெருவில் நின்று, "சந்தியாகப்பர் கேட்டுட்டாரு," என்று சொன்னார். முத்து எடுத்த கை என்று ஊரில் ஒரு பேச்சு நிலைத்தது. அப்பா சாகும்வரை இடது கையால் சாப்பிட்டார். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரமாட்டார்.

பெரியப்பாவும் இறந்து போய்விட்டார். அந்த வாள்தான் என் மேஜையில் கிடந்தது. அவருடைய மகன் கால்மேல் கால் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய மருமகன் வெளிநாட்டில் இருக்கிறான். அங்கே பழைய ஆயுதங்கள் வாங்கும் ஒருவனிடம் போட்டோவைக் காட்டியிருக்கிறான். போர்த்துகீசிய வாள், நானூறு ஐந்நூறு வருடம் பழையது என்று நிரூபித்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக அவன் சொல்லியிருக்கிறான். திருவிழாவுக்கு அதே மாதிரி வேறொன்று செய்துகொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நீதான் இதெல்லாம் படித்தவன், ஆராய்ந்து ஒரு குறிப்பு எழுதிக்கொடு, மதிப்பும் போட்டுக்கொடு என்றார்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் நாட்டை விட்டு வெளியே அனுப்பச் சட்டம் விடாது என்று நான் சொன்னேன். பழம்பொருள் அல்ல என்று அரசாங்கத்தின் உரிய அலுவலகத்தில் சான்று வாங்கினால்தான் கப்பலோ விமானமோ ஏறும்.

அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. "அதான் தம்பி உங்கிட்ட வந்தேன். வாங்குறவனுக்கு நானூறு வருசம்னு ஒரு தாள் எழுது. இங்கன காட்டுறதுக்கு, புதுசுன்னு இன்னொரு தாள்."

"ஒரே வாளுக்கா அண்ணே?"

"ஒரே வாளுக்குத்தான். வாங்குறவன் வேற, பாக்குறவன் வேறல்லா."

என் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை என்று நினைக்கிறேன். வாளை விட்டுவிட்டுப் போங்கள், ஒரு வாரம் வேண்டும் என்றேன். அவர் போன பிறகு அம்மா கேட்டாள், அந்தச் சனியனை வீட்டுக்குள் ஏன் வைத்திருக்கிறாய் என்று. பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, ஜன்னலோரம் மேஜையைப் போட்டு, வாளை வெளிச்சத்தில் கிடத்தினேன். முதலில் கைப்பிடியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு வெண்ணிறத் தகடுகள், வானவில் நிறம் ஓடியது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தகடும் ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் கனம். எங்கள் கடலடிப் பாரில், அந்தப் பாறைத்திட்டுகளில், விளைகிற முத்துச்சிப்பி உள்ளங்கைக்குள் அடங்கும். ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் நொறுங்கும். இப்படி ஒரு தகட்டை அறுத்தெடுக்க வேண்டுமானால் சாப்பாட்டுத் தட்டு அளவு சிப்பி வேண்டும். அந்த மாதிரிச் சிப்பி வெகு தூரத்துக் கிழக்குக் கடல்களில் உண்டு. மன்னார் வளைகுடாவில் இல்லை. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தலைமுறை தலைமுறையாகச் சிப்பி பொறுக்கிய ஊர், கைப்பிடி பளபளப்பதைப் பார்த்தவுடன் இது நம் கடல் என்று முடிவு கட்டிவிட்டது. வேறு ஊர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் எந்தக் கடல் என்றாவது யோசித்திருப்பான்.

பிறகு வடிவம். மெல்லிய நேரான அலகு, கூர் தீட்டியதே இல்லை. சிறிய சங்கிலி வைத்த கைக்காப்பு. போருக்குச் செய்த வாளுக்கு இந்த உடம்பு வராது. வெள்ளைக்கார அதிகாரிகள் விசேஷ நாட்களில் இடுப்பில் தொங்கவிட்ட அலங்கார வாள்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஜாடை. அதைப் பார்த்துப் பின்னாளில் சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தவையும் உண்டு.

கடைசியாகத்தான் குமிழுக்கு வந்தேன். வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக் குழியைப் பார்த்தேன். பெரியப்பா அன்றைக்குக் கோணி ஊசியால் கீறிய தடம் இன்னும் அந்தக் கறுப்பில் இருந்தது. ஒரு மெல்லிய ஊசியை எடுத்து ஓரமாக உள்ளே செலுத்தினேன். ஊசி முனை இரும்பைத் தொட்டது. மெதுவாக மேலே இழுத்தேன். டிக், டிக், டிக் என்று விரலுக்குத் தெரிந்தது. மறுபடி இறக்கி, மறுபடி இழுத்தேன். அதே டிக், டிக்.

மரை. போல்ட்டில் இருக்குமே, அந்த மரை.

ஊசியை மேஜையில் வைத்தேன். அலகின் வால் கைப்பிடிக்குள் நுழைந்து குமிழின் வழியாக வெளியே வருகிறது. அதன் முனையில் மரை. அதில் ஒரு நட்டைப் போட்டு முறுக்கினால்தான் வாள் ஒன்றாக நிற்கும். அந்தக் குழி நட்டு உட்காருகிற இடம். நட்டு எப்போதோ கழன்று தொலைந்திருக்கிறது. கைப்பிடி ஆடாமலிருக்க யாரோ குழியில் எதையோ அடைத்திருக்கிறார்கள். அடைத்தவன் கண்ணில் மரை படாமல் இருந்திருக்க முடியாது. அங்கே முத்து இருந்ததில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஊசி முனையில் ஒட்டிவந்த கறுப்பை விரலில் உருட்டி மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். அதை அடைத்தவன் யார் என்பதும் அப்போது தெரிந்துவிட்டது.

அன்றே போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகப்பட்ட பெட்டியை நாமாகத் தனியாகத் திறக்கக்கூடாது. இறக்குமதி செய்தவரின் ஆள் நிற்க வேண்டும், அதிகாரி நிற்க வேண்டும், எல்லோர் கண்முன்னாலும் முத்திரையை உடைக்க வேண்டும். தனியாகத் திறந்து, உள்ளே இது இருந்தது என்று சொன்னால், நீ வைத்தாய் என்பார்கள். என் அப்பாவுக்கு நடந்ததும் ஒருவகையில் அதுதான்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தபோது பணிவாகச் சொன்னேன். வாங்குகிறவன் கைப்பிடியைக் கழற்றிய படம் கேட்பான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நானூறு வருடம் என்று எழுதினால் ஒரு கேள்வியில் விழுந்துவிடும், குடும்பத்தார் சாட்சியாக இருக்க, நீங்களே உங்கள் கையால் திறந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்றேன். சாட்சி என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. கூட்டம் என்றால் சின்ன வயதிலிருந்தே அவருக்குக் குஷி.

"பிப்ரவரில அப்பாக்கு நினைவுப் பூசை வருதுல்லா. சொந்தம் எல்லாம் வரும். அன்னைக்கே வச்சிருவோம்," என்றார். அந்த நாளை நான் சொல்லவில்லை. அவர் வாயாலேயே வந்தது.

அம்மாவைக் கார் வைத்து ஊருக்கு, பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று வழியில் சொன்னேன். கோவில் முகப்பு தாண்டும்போது மட்டும், "இங்கனதானலே?" என்று கேட்டாள். இங்கேதான் என்றேன்.

பூசை முடிந்து, சமையல்காரர்கள் பின்கட்டில் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். சுவரில் பெரியப்பாவின் படம், மாலை போட்டு, சுற்றிலும் சின்ன பல்புகள் எரிந்தன. படத்துக்கு நேர்கீழே மேஜை, வெள்ளைத் துணி, வாள். நான் ஒரு கிண்ணத்தில் கொதிக்கும் வெந்நீர், பழைய துண்டு, மண்ணெண்ணெய், குத்தூசி, ஒரு வெள்ளைத் தாள் எல்லாம் வரிசையாக வைத்தேன். அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வாளைத் தூக்கிக் காட்டி, போர்த்துகீசியன் காலத்துக் கதையை முதலிலிருந்து சொன்னார். நன்றாகவே சொன்னார். முத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "அது போனது போச்சு. அது இருந்திருந்தா இன்னும் விலை," என்றார்.

நான் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து குமிழின் மேல் சுற்றினேன். சற்று நேரம் விட்டேன். கறுப்பு இளகி வாசனை கிளம்பியது.

அந்தக் கூடத்தில் அந்த வாசனை தெரியாதவர் கிடையாது. தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே காய்ச்சிப் பூசுகிற கீல். பெரியப்பாவின் கொட்டகைப் பக்கம் விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் இந்த வாசனையை உடம்பில் பூசிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம். முன்வரிசையில் இருந்தவர்கள் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"தோண்டுங்க அண்ணே," என்று குத்தூசியைக் கொடுத்தேன்.

தோண்டினார். கறுப்புக் கட்டிகள் வெள்ளைத் தாளில் விழுந்தன. ஒன்றை நான் குத்தூசியால் பிளந்து காட்டினேன். உள்ளே பஞ்சு இழைகள். தோணிக்குத் திணிக்கிற அதே பஞ்சு. முத்தைப் பதிக்கிறவன் எதற்குப் பஞ்சு திணிக்கிறான் என்று கேட்க நினைத்தேன். தேவைப்படவில்லை. மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து அவர் கையில் கொடுத்தேன்; அவர் துடைத்தார். நான் டார்ச் அடித்தேன். அவர் மனைவி, என் மதினி, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உள்ள திருகாணி மாதிரில்லா இருக்கு," என்றாள்.

அண்ணன் கெட்டிக்காரர்தான். ஒரு கணம் யோசித்தார். "கம்மல்ல முத்து திருகாணிலதான இருக்கு? இதுலயும் அப்படி வச்சிருப்பான்," என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"அப்படின்னா முத்து இல்லாட்டாலும் வாள் நிக்கணும்லா. நேரா, குமிழ் மேல வர்ற மாதிரி பிடிங்க அண்ணே," என்றேன்.

பிடித்தார். கைப்பிடி அவர் கையில் நின்றது. அலகு அதன் வழியாக வழுக்கி, மேஜைத் துணியைக் குத்தி, புரண்டு, சிமெண்டுத் தரையில் பெரிய சத்தத்தோடு விழுந்தது. பின்கட்டிலிருந்து சமையல்காரர் ஒருவர் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் அலகை எடுத்து மேஜையில் வைத்தேன். கைப்பிடிக்குள் மறைந்திருந்த அடிப்பகுதியில், துருவுக்கு நடுவே சின்ன எழுத்துகள் குத்தியிருந்தன. அண்ணனிடம் டார்ச்சைக் கொடுத்து, வாசியுங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வாசித்துவிட்டார், எனக்குத் தெரியும். நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். அதனால் நான் வாசித்தேன். ஆங்கில எழுத்தில் ஜெர்மனி.

பிறகு ஒரு பள்ளி வாத்தியார் மாதிரி விளக்கினேன். அந்த ஒரு விஷயத்தில் என்னைவிட்டால் அந்தக் கூடத்தில் ஆளில்லை. ஒரு நாட்டுச் சரக்கில் அந்த நாட்டின் பெயரை இங்கிலீஷில் குத்தவேண்டும் என்பது சுங்கக்காரர்களுக்காக வந்த கட்டாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்தச் சட்டங்கள் வந்தன. அதற்கு முன்னால் எந்தக் கொல்லனும் தன் நாட்டின் பெயரை அயல்மொழியில் வாளில் எழுதமாட்டான். மரை வெட்டியிருக்கிற சுத்தமும் இயந்திர வேலை. ஆகவே இது கடைக்கு வந்த சரக்கு. கொழும்பிலோ இங்கேயோ யாரோ வாங்கியது. போர்த்துகீசியக் கப்பல் தலைவனுக்கும் இதற்கும் முந்நூற்றைம்பது வருடமாவது இடைவெளி. அவனுக்கு ஜெர்மனி என்ற இங்கிலீஷ் சொல்லே தெரிந்திருக்காது என்றபோது பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றினார்.

சிப்பியைப் பற்றியும் சொன்னேன். கனத்தைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லி கைப்பிடியைச் சுற்றுக்கு விட்டேன். தொட்ட ஒவ்வொருவர் முகத்திலும், இதை நாம் எப்படி யோசிக்காமல் இருந்தோம் என்பது வந்து போயிற்று. கைப்பிடி அம்மாவிடம் வந்தபோது அவள் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அதை அடுத்தவர் கைக்கு மாற்றிக் கொடுத்தார்.

கூடம் அமைதியான பிறகு நான் வந்த காரியத்தைக் கேட்டேன். இத்தனை வருடம் மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தது. வெளியே வந்தபோது சாதாரணமாக இருந்தது.

"அண்ணே, எங்கப்பா முத்த எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இங்கன வச்சு, எல்லாரும் கேக்க."

அவர் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். "அப்பா படத்துக்கு முன்னால அதச் சொல்லச் சொல்லுதியாலே?"

"எங்கப்பாவ சத்தியம் பண்ணச் சொன்னதும் சொந்தக்காரங்க முன்னாலதான்."

"செத்துப்போனவர தோண்டி எடுக்கியே தம்பி."

"தோண்டுனது நீங்க அண்ணே. நான் குத்தூசிதான் தந்தேன்."

அவர் தாளில் கிடந்த கீல் கட்டிகளைப் பார்த்தார். வெந்நீர்க் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, "சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். கூட்டம் மெல்லக் கலைந்து பந்திக்குப் போயிற்று. பெரியப்பாவின் படத்துப் பல்புகள் எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

மதினி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அவளுக்குச் சங்கடம். சித்தி, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க என்றாள்.

"எனக்கு இலை போடாத ஏளா. இதே போதும்," என்று அம்மா எழுந்தாள்.

நாங்கள் கிளம்புமுன் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. மேஜையில் அனாதையாகக் கிடந்த அலகின் வாலில் மரையின் விட்டத்தையும் இழைகளின் இடைவெளியையும் அளந்து குறித்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெளிவில்லை. அளக்கிற பழக்கம்.

வாக்குக் கொடுத்தபடி தாளும் எழுதிக் கொடுத்தேன். ஒரே தாள். வாளின் வடிவம், சிப்பி, மரை, நாட்டு முத்திரை, உத்தேசக் காலம் எல்லாம் எழுதி, குமிழில் மணியோ முத்தோ பதித்ததற்கான இடமே இல்லை என்று தனி வரியாக எழுதினேன். மதிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த கொச்சிக்காரப் பழம்பொருள் வியாபாரி ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். ஓட்டல் வரவேற்பறைச் சுவருக்கு வாங்குகிறவர்கள் உண்டு, நட்டு இல்லாததால் அதிலும் குறையும் என்றார். அதையும் அப்படியே எழுதினேன். வெளிநாட்டுக்காரன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன்.

பங்குனி, சித்திரை எல்லாம் போயிற்று. அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நான் இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை, பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை மதினி எடுத்து, குளிக்கிறார் என்றாள்.

மே மாதக் கடைசியில் அவருடைய கஷ்டம் என் காதுக்கு வந்தது. திருவிழாவுக்கு வாளைத் தூக்காமல் இருந்தால், பிப்ரவரியில் நடந்தது உண்மை என்று ஆகிவிடும். தூக்கத்தான் வேண்டும். ஆனால் வாள் நிற்கமாட்டேன் என்கிறது. தூத்துக்குடியில் இரும்புக்கடை இரும்புக்கடையாக நட்டு தேடியிருக்கிறார். பழைய அன்னிய மரை, இப்போது விற்கிற எந்த நட்டும் சேரவில்லை. மறுபடி கீலை அடைத்தால் வேலை முடியும். ஆனால் அந்தக் குழியில் கறுப்பாக எதையாவது பார்த்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். நைலான் நூலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார் என்றார்கள்.

நான் அந்த வாரமே பஸ் ஏறி, திருநெல்வேலி ரோட்டில், தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கிற ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அளவைக் கொடுத்தேன். பித்தளையில் ஒரு நட்டு கடைந்து கொடுத்தார்கள். உருண்டைத் தலை, குழியில் அச்சாக உட்காரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மணி மாதிரி மின்னும்.

ஜூலை இருபத்தைந்து, மாலை. அப்பாவின் சத்தியத்துக்குப் பிறகு நானும் அம்மாவும் அந்தத் திருவிழாவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. சப்பரம் வரும் தெருவில், தெரிந்தவர் வீட்டு வாசலில் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பேண்டு முழங்கி, நாங்கள் இருந்த தெரு முனையில் வந்து நின்றது. பேண்டு நின்றதும் ஜெபமாலை. அதற்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டது. கட, கட, கட. அண்ணன் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அலகு கைப்பிடிக்குள் ஆடியது. பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு, வாளை நிமிர்த்தி, ஒரு கையால் பிடிக்க வேண்டியதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்வை நேராக இருந்தது. ஓரத்தில் நின்ற இளவட்டங்களில் ஒருவன் அடுத்தவன் காதில் ஏதோ சொன்னான். ஜெர்மனி என்று கேட்டது.

"என்னலே சத்தம் அது?" என்றாள் அம்மா.

"வாள்மா."

"அவனா தூக்கிட்டு வாரான்?"

"ஆமா."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சத்தம் எங்களைக் கடந்து, சப்பரம் கடந்து, ஜெபமாலைக் கூட்டமும் கடந்து போகும்வரை கேட்டாள். பிறகு, "அடுத்த வருசமும் இப்படித்தான் வருமா?" என்றாள்.

நட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவருக்கு நான் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தேன், மதினி மூலமாக, தெளிவாக: நட்டு தயாராக இருக்கிறது, காசு வேண்டாம், ஒரு வாக்கியம் போதும், கோவில் முகப்பில், பூசை முடிந்து ஆட்கள் கலைவதற்கு முன்னால். பதில் வரவில்லை.

"வரும்மா. அவர் சொல்லுத வரைக்கும் இப்படித்தான் வரும்," என்றேன்.

அதற்குப் பிறகும் திருவிழா வந்து போயிற்று. நூலை மாற்றி ஏதோ பசை போட்டிருந்தார். கடைத்தெரு தாண்டுவதற்குள் அதுவும் விட்டுவிட்டது. நட்டு பச்சை பூக்காமலிருக்க மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன். மரையில் ஒரு சின்னப் பழுதும் இல்லை.